அப்பாவின் கையெழுத்து வேண்டாத படிவம்

ஒரு பெண் பிள்ளைக்காக அவளுடைய அப்பா எத்தனை இடங்களில் கையெழுத்துப் போடுகிறார் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. என் அக்கா மகளுக்காக ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பள்ளிக்கூட ரேங்க் கார்டில் மாதாமாதம். கொடைக்கானல் சுற்றுலாவுக்கான சம்மதக் கடிதத்தில். பத்தாவது முடித்துப் பள்ளி மாறியபோது. கல்லூரி விண்ணப்பத்தில், விடுதி விண்ணப்பத்தில், விடுதியிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு முறையும். பதினைந்து வயதில் எடுத்த பாஸ்போர்ட்டில். பிறகு வங்கியில், படிப்புக் கடனுக்கு உடன் கடன்தாரராக, ஒரே மதியத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தாள்களில். அத்தான் சவூதியில் இருந்த வருடங்களில் கையெழுத்துக்காகவே சில காரியங்கள் காத்துக் கிடந்தன. அவர் விடுப்பில் வரும்போது அக்கா காகிதங்களை ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருப்பாள். அக்காவுக்கும் எழுதப் படிக்கத் தெரியும். அவளும் அந்தப் பிள்ளையைப் பெற்றவள்தான். ஆனாலும் காகிதங்கள் மஞ்சள் பைக்குள் காத்திருந்தன.

இந்தப் பட்டியலில் சேராத ஒரு படிவம் 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் அக்கா மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தைந்து வயதாகிறது. இங்கேயும் பாப்பா என்றே எழுதுகிறேன். மதுரையில் பி.காம். முடித்து, ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, 2023 ஜனவரியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் கணக்கியல் சார்ந்த இரண்டு வருடப் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். அவளை அனுப்ப வேண்டும் என்று வாதாடியவள் நான். "இரண்டு வருசம் படிச்சா மூணு வருசம் அங்கேயே வேலை பார்க்கலாம் அத்தான், கடனை அவளே அடைச்சிருவா" என்று பரமக்குடி வீட்டுத் திண்ணையில் நான் சொன்னது எனக்கே இன்னும் காதில் கேட்கிறது. அந்த மூன்று வருடம் தானாக வந்துவிடாது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அந்த விண்ணப்பத்துக்குள் ஒரு பெண்ணின் இரண்டு வருட உடம்பும் மனசும் போய் நிற்கும் என்பதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் மாணவிகளில் யாருக்காவது பயன்படலாம். கனடாவில் தகுதியுள்ள கல்லூரியில் படிப்பை முடித்த வெளிநாட்டு மாணவர்கள் பட்டப்படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி ஒன்றைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் அது கிடைக்கும். இரண்டு வருடமோ அதற்கு மேலோ உள்ள படிப்பு என்றால் மூன்று வருட அனுமதி. அதைவிடக் குறைந்த படிப்புக்கு, முதுகலைப் பட்டம் போன்ற சில விலக்குகள் தவிர, படித்த காலம் அளவுக்குத்தான். படிப்பு முடிந்ததற்கான கடிதமோ இறுதி மதிப்பெண் பட்டியலோ கைக்கு வந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் மாணவர் அனுமதி அதுவரை உயிரோடு இருக்காது. அதன் மேல் அச்சிட்டிருக்கும் தேதி அல்லது படிப்பு முடிந்து 90 நாள், இதில் எது முந்தியதோ அன்றோடு சரி. 180 என்ற எண்ணை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் இந்த 90இல்தான் இடறி விழுகிறார்கள். கட்டணம் 255 டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் பதினைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசிப் பருவம் தவிர எல்லாப் பருவத்திலும் முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும். படிக்கும்போது சாதாரணமாகத் தெரிகிற இந்த வரி பாப்பாவின் உடம்பில் எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது பருவத்தில் அவளுக்கு மாதவிடாய் இருபது நாள், இருபத்திரண்டு நாள் என்று நிற்காமல் போனது. இரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்கியது. இரண்டு பாடங்களை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்தால் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். தள்ளினால் பகுதிநேர மாணவி ஆகிவிடுவாய், பணி அனுமதி போய்விடும் என்று உடன்படித்தவர்கள் பயமுறுத்த, நாப்கினை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு எல்லா வகுப்புக்கும் போயிருக்கிறாள். மருத்துவக் காரணத்துக்கோ கர்ப்பத்துக்கோ குடும்பத்தில் ஒரு சாவுக்கோ கல்லூரியின் ஒப்புதலோடு 150 நாள்வரை விடுப்பு எடுக்க வழி உண்டு என்பதைப் படிப்பு முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டாள். யாரிடமும் கேட்கவில்லையா என்றேன். "கேட்டா என்ன வியாதின்னு சொல்லணுமே சித்தி" என்றாள். ஆறாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தபோதும் இதே வலியை 'தலைவலி' என்று சொல்லி விடுப்பு வாங்கிய பெண் அவள். ஊர் மாறினாலும் அந்தத் 'தலைவலி' மாறவில்லை.

2025 ஜனவரி இரண்டாம் வாரம், காலை எட்டு மணி. நான் வேலை பார்க்கும் கல்லூரியில் மாணவியர் விடுதிப் பொறுப்பும் எனக்கு உண்டு. அன்று வெள்ளிக்கிழமை. ஊருக்குப் போகிற பெண்கள் அவுட் பாஸ் சீட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். நான் ஒவ்வொரு சீட்டிலும் அப்பாவின் கையெழுத்தைப் பதிவேட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பாப்பா கூப்பிட்டாள். அங்கே முந்தைய நாள் இரவு ஒன்பதரை.

"சித்தி, முடிச்சதுக்கு லெட்டர் குடுத்துட்டாங்க. இனிமே வேலைக்குப் போகக் கூடாது."

எனக்குப் புரியவில்லை. படித்து முடித்தால் அல்லவா வேலைக்குப் போக வேண்டும்? அவள் பொறுமையாகச் சொன்னாள். படிக்கும்வரை வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வெளியே வேலை பார்க்கலாம். அவள் போன புதிதில் அந்த வரம்பு தற்காலிகமாக நீக்கப்பட்டிருந்தது. 2024 ஏப்ரலோடு அந்தச் சலுகை முடிந்தது. நவம்பரிலிருந்து 24 மணி நேரம் என்றாயிற்று. படிப்பு முடிந்ததாகக் கடிதம் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. பணி அனுமதிக்கு விண்ணப்பித்த பிறகுதான் மறுபடி வேலைக்குப் போகலாம். மாணவர் அனுமதி உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை முழுநேரமே பார்க்கலாம். கடிதத்துக்கும் விண்ணப்பத்துக்கும் இடையில் எத்தனை நாளோ, அத்தனை நாள் வருமானம் கிடையாது. அவளுடைய மாணவர் அனுமதி மார்ச் 31ஆம் தேதியோடு முடிகிறது.

"அப்ப இன்னைக்கே போட்டுர வேண்டியதுதானே?"

"பாஸ்போர்ட் நவம்பரோட முடியுது சித்தி."

பாஸ்போர்ட் எதுவரை செல்லுமோ அதுவரைதான் பணி அனுமதியும் கொடுப்பார்கள். இப்போதே விண்ணப்பித்தால் மூன்று வருடத்துக்குப் பதிலாகப் பத்து மாதம் கிடைக்கும். பிறகு புதுப் பாஸ்போர்ட்டைக் காட்டி மீதிக் காலத்தைக் கேட்கலாம், வழி இருக்கிறது. ஆனால் இன்னொரு விண்ணப்பம், இன்னொரு காத்திருப்பு. வேலை கொடுப்பவர்கள் பார்ப்பது அனுமதியின் கடைசித் தேதியைத்தான்.

அந்தப் பாஸ்போர்ட்டுக்கு ஒரு கதை உண்டு. 2015இல் அத்தான் விடுப்பில் வந்தபோது எடுத்தது. "ஒருதடவையாவது உங்க ரெண்டு பேரையும் அங்க கூட்டிட்டுப் போய் கடலைக் காட்டுறேன்" என்று அக்காவுக்கும் மகளுக்கும் சேர்த்து எடுத்தார். அந்தப் பயணம் நடக்கவேயில்லை. ஏழு வருடம் வெள்ளைத் தாளாகப் பீரோவில் கிடந்தது. அக்காவுடையது இன்றும் வெள்ளைத் தாள்தான்.

மொழிச் சான்று வேறு வேண்டும். 2024 நவம்பர் 1க்குப் பிறகு விண்ணப்பிக்கிறவர்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ தங்கள் மொழித்திறனைத் தேர்வெழுதிக் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. கல்லூரியில் சேர அவள் எழுதிய அகாடமிக் ஐஇஎல்டிஎஸ் இதற்கு உதவாது, ஜெனரல் என்ற இன்னொரு வகையை எழுத வேண்டும். இரண்டு வருடம் ஆங்கிலத்தில் பாடம் கேட்டு, ஆங்கிலத்தில் தேர்வெழுதி, காபிக் கடையின் சன்னலோரத்தில் காரில் வருகிறவர்களின் எல்லா உச்சரிப்புகளையும் புரிந்துகொண்டு ஆர்டர் எடுத்தவள், எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று காட்ட மறுபடி பணம் கட்டினாள். நான் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். மொழியை இப்படி நிறுத்துப் பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அவள் சங்கடப்படவில்லை. "பாஸாயிருவேன் சித்தி, காசுதான் போகுது" என்றாள்.

வேலையில்லாத அந்த வாரங்களில்தான் பரமக்குடியில் மாப்பிள்ளைப் பேச்சு சூடு பிடித்தது.

பையன் சென்னையில் மென்பொருள் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. அவர்கள் வீட்டிலிருந்து வந்த முதல் கேள்வி பெண் என்ன படித்திருக்கிறாள் என்பதல்ல. "பர்மிட் வந்திருச்சா? எத்தனை வருசத்துக்கு?" பஞ்சாபில் ஐஇஎல்டிஎஸ் தேறிய பெண்ணாகத் தேடி, அவள் வெளிநாட்டுப் படிப்புச் செலவை மாப்பிள்ளை வீட்டார் ஏற்று, அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு பையனை அனுப்பும் கல்யாணங்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறேன். அதெல்லாம் வடக்கே என்று நினைத்திருந்தேன். எங்கள் அக்கா வீட்டுக் கூடத்தில், வெற்றிலைத் தட்டுக்கு முன்னால், அது ரொம்ப இயல்பாக வந்து உட்கார்ந்தது. வரதட்சணை என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், பிள்ளைக சந்தோசமா இருந்தாப் போதும்" என்றார்கள். நகையும் காரும் வேண்டாம் என்று சொல்லக்கூடிய அளவுக்கு அவளிடம் வேறொன்று இருந்தது. இன்னும் அவள் கைக்கே வந்திராத ஒரு காகிதம்.

அத்தானுக்கு அவசரம். "பிப்ரவரியில வந்து நிச்சயம் பண்ணிட்டுப் போகட்டும். படிப்புத்தான் முடிஞ்சிருச்சே. அந்தப் படிவத்தை வந்துட்டுப் போயி போட்டுக்கிட்டா என்ன?" பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருக்கிறது, கையில் இல்லை என்றாள் பாப்பா. வாங்கிக்கொண்டு வா என்றார். மார்ச் 31 என்றாள். எல்லாம் சாக்கு என்றார். வாடகைக்குப் பணம் கேட்டபோது அனுப்ப மறுத்தார். வெளியே போகாதே என்று அடைத்து வைக்க முடியாத தூரத்தில் மகள் இருக்கும்போது ஓர் அப்பா என்ன செய்வார்? பணத்தை அடைத்தார்.

அந்த இரண்டு மாதத்தை மூன்று பெண்கள் சேர்ந்து கடத்தினோம். நான் நாற்பதாயிரம் அனுப்பினேன். அக்கா தன் மகளிர் குழுவில் முப்பதாயிரம் கடன் எடுத்தாள். அதற்கு அத்தானின் கையெழுத்து தேவைப்படவில்லை என்பதை அவள் கொஞ்சம் பெருமையோடுதான் என்னிடம் சொன்னாள். மூன்றாவது பெண்ணை நான் பார்த்ததில்லை. ஸ்காபரோவில் பாப்பா குடியிருந்த அடித்தள அறைக்கு மேலே இருக்கும் வீட்டுக்கார அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்தவர். பாப்பா அவரை 'அன்ரி' என்கிறாள். பிப்ரவரி வாடகையைப் பாதிதான் கொடுக்க முடியும் என்று இவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "பிறகு பாப்பம் பிள்ளை, முதல்ல சாப்பிட வா" என்றாராம். அன்று இரவு புட்டைக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னதைப் பாப்பா எனக்கு அப்படியே சொன்னாள்: "நாங்கள் வரேக்க எனக்கெண்டு ஒரு பைல் இல்லை. என்ர பேர் என்ர மனுசன்ர பைலுக்குள்ளதான் இருந்தது. அந்தாள் அடிச்சாலும், பேப்பர் வருமட்டும் பொறுத்துக்கொண்டு இருந்தனான். உன்ர பைல் உன்ர பேரில இருக்கு. விட்டிடாத."

பெயர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துத்தான். பாஸ்போர்ட்டில் அந்த முன்னெழுத்து விரிந்து, அப்பாவின் பெயர் 'சர்நேம்' என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கல்லூரியில் முதல் வாரம் ஆசிரியர் ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி 'மிஸ்' சேர்த்துக் கூப்பிட்டபோது இவள் எழுந்திருக்கவேயில்லை. "அப்பாவக் கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன் சித்தி." பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயரைத் தந்தாலே போதும் என்று 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதியைத் தளர்த்தியது. இந்த முறை புதுப்பிக்கும்போது அம்மா பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்டால் என்ன என்று அவளுக்கு ஓர் ஆசை. ஆனால் மதிப்பெண் பட்டியல், மாணவர் அனுமதி, வங்கிக் கடன் எல்லாவற்றிலும் பழைய பெயர். பெயர் மாறினால் ஆள் மாறிவிட்டதா என்று விளக்கம் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

ஜனவரி கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் தொலைபேசியில் மெல்லப் பின்வாங்கினார்கள். "பையனுக்கு இப்ப கல்யாணத்துல இஷ்டமில்ல" என்றார்கள். காரணத்தைப் பாப்பாதான் கண்டுபிடித்தாள். ஜனவரி 21 முதல், வேலை அனுமதியில் இருப்பவர்களின் கணவன் மனைவிக்குத் தரும் திறந்த அனுமதியைக் கனடா சுருக்கியிருந்தது. உயர்நிலைப் பணிகளில், அல்லது குறிப்பிட்ட சில தொழில்களில் இருப்பவர்களின் துணைக்கு மட்டும்தான் இனி கிடைக்கும். அதிலும் அந்த வேலையாளின் அனுமதியில் குறைந்தது 16 மாதமாவது மீதம் இருக்க வேண்டும். காபிக் கடையில் நின்றுகொண்டு கணக்கு வேலை தேடும் பெண்ணை வைத்துப் பையனை அனுப்ப முடியாது. ஒட்டாவாவில் வந்த அறிவிப்பை எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் படித்திருக்கிறார்கள். ஜாதகத்தில் பத்தில் எட்டு பொருந்திய கல்யாணம் ஒரு குடிவரவு விதியில் முறிந்துபோனது. அக்கா அழுதாள். பாப்பா சிரித்தாள். எனக்கு இரண்டும் வந்தது.

ஆனால் அத்தானின் கோபம் அதிகமானது. மகளோடு பத்து நாள் பேசவில்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பரமக்குடி போயிருந்தபோது அவள் கூப்பிட்டாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தில் வைத்தேன். அத்தான் திண்ணையில் இருந்தார், காது இங்கேதான். நான் வேண்டுமென்றேதான் கேட்டேன்: "அந்த பர்மிட்ல என்னதான் எழுதியிருக்கும்? எந்தக் கம்பெனியில வேலைன்னு போட்டிருக்குமா?"

"இல்ல சித்தி, அது ஓப்பன் ஒர்க் பர்மிட். கம்பெனி பேரே இருக்காது. யார்கிட்ட வேணும்னாலும் வேலை பார்க்கலாம். பிடிக்கலன்னா விட்டுட்டு வேற இடத்துக்குப் போகலாம். யாரும் கேக்க முடியாது."

திண்ணையிலிருந்து குரல் வந்தது. பத்து நாளைக்குப் பிறகு.

"அங்க உன் பாஸ்போர்ட்ட யாரு வச்சிருப்பா?"

"நான்தாம்ப்பா. என் பையிலதான் இருக்கும்."

அத்தான் வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

1998இலிருந்து 2017வரை அவர் சவூதியில் ஓட்டுநராக இருந்தார். போய் இறங்கிய அன்றே கஃபீல் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். வேறு முதலாளியிடம் போக வேண்டுமென்றால் அந்த முதலாளி விட வேண்டும். ஊருக்கு வர வேண்டுமென்றாலும் அவர் அனுமதித்தால்தான் வெளியேறும் விசா. 2006இல் அத்தானின் அப்பா இறந்தபோது கஃபீல் ஊரில் இல்லை, சொல்லி அனுப்பியும் பதில் இல்லை. பெரியவரைத் தூக்கும்போது நாங்கள் போனைப் பாடைக்கு அருகில் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் ஒரு மனிதர் அழுவது சிறிய ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்டது. ஒருவருடைய கையெழுத்துக்காகக் காத்துக் கிடப்பது என்றால் என்னவென்று எங்கள் குடும்பத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அதைத் தெரிந்தவர்தான் மகளிடம் தன் கையெழுத்தைப் பிடித்துவைத்திருந்தார். அனுமதிக்காக நின்ற ஆண், வீட்டுக்கு வந்ததும் அனுமதி கொடுப்பவனாக மாறிக்கொள்ள முடிகிறது. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே அதிகாரம் அதுவாகக்கூட இருந்திருக்கலாம். இதை அவரை மன்னிப்பதற்காக எழுதவில்லை, எனக்குப் புரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன்.

கனடாவிலும் எல்லா அனுமதியும் திறந்தது அல்ல. முதலாளியின் பெயரோடு கட்டிப்போடும் அனுமதிகள் அங்கேயும் உண்டு. 1992இல் தொடங்கிய வீட்டுப் பராமரிப்பாளர் திட்டத்தில் போன பெண்கள், பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் நாட்டவர், வேலை கொடுத்தவர் வீட்டிலேயே தங்கியாக வேண்டும் என்ற நிபந்தனை 2014வரை இருந்தது. திறந்த அனுமதியும் மூன்று வருடத்துக்குத்தான். நிரந்தரக் குடியுரிமை கிடைக்குமுன் அனுமதி தீர்ந்துபோகும் பட்டதாரிகள் 2024 ஆகஸ்டு கடைசியில் பிராம்ப்டனில் சாலையோரக் கூடாரம் அடித்துப் போராடினார்கள். அதில் நம் நாட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். மூன்று வருடத்தைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒருமுறை அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

மார்ச் இரண்டாம் வாரம் புதுப் பாஸ்போர்ட் வந்தது. அன்றிரவே அவள் விண்ணப்பத்தை நிரப்பினாள். நானும் வீடியோ அழைப்பில் இருந்தேன். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், திருமணமானவரா, எங்கே படித்தீர்கள், எங்கெல்லாம் வேலை பார்த்தீர்கள். ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள். கடைசியில் தன் பெயரைத் தட்டச்சு செய்து கையெழுத்தாக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான்."

அப்பாவின் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. சர்நேம் கட்டத்தில் பெயராக வந்து உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் முழுநேர வேலைக்குப் போனாள்.

இதை இங்கேயே முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மருமகப் பிள்ளையைக் கரையேற்றிய சித்தி, பெண்ணியக் கவிஞர் என்ற பெயரோடு நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதே மேசையில், அதே சீட்டுகளோடு நான் உட்கார்ந்தபோது கை ஓடவில்லை.

ஏழெட்டு வருடங்களுக்கு முன் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி கோயம்புத்தூரில் ஒரு நேர்காணலுக்குப் போக வேண்டும் என்று வந்து நின்றாள். அவள் அப்பா லாரி ஓட்டுநர். எங்கோ வழியில் இருந்தார், போன் அணைந்திருந்தது. அவளுடைய அம்மா என்னைக் கூப்பிட்டார். "நான் சொல்றேன் மேடம், விடுங்க. அவ நல்ல பிள்ள." பதிவேட்டில் அப்பாவின் எண்ணும் கையெழுத்தும்தான் இருந்தது. அம்மா சொன்னால் போதும் என்று விதியில் இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? நான் கையெழுத்துப் போடவில்லை. அவள் சத்தம் போடவில்லை, கெஞ்சவில்லை. சீட்டை நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை ஒரு பெண் கவிஞர்கள் கூட்டத்தில் நான் கவிதை வாசித்தேன். நன்றாகக் கை தட்டினார்கள். 2015இல் தில்லி மாணவிகள் விடுதிக் கட்டுப்பாடுகளுக்கு எதிராக 'பிஞ்ச்ரா தோட்', கூண்டை உடை, என்று இயக்கம் தொடங்கியபோது நான் வகுப்பில் அதைப் பற்றிப் பேசியவள். கூண்டின் சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது எனக்கு உறைக்கவில்லை.

பழைய பதிவேட்டில் அவள் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். இப்போது அருப்புக்கோட்டையில் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள். என்னை அடையாளம் தெரிந்ததும் குரலில் அவ்வளவு சந்தோசம். நான் தயங்கி அந்த நேர்காணலைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அத இன்னுமா மேடம் ஞாபகம் வச்சிருக்கீங்க? நீங்க விட்டிருந்தாலும் எங்கப்பா வேலைக்கு விட்டிருக்க மாட்டாரு. விடுங்க மேடம்."

அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

பதினெட்டு வயதானால் வாக்குப் போடலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்திடலாம். விடுதி வாசலைத் தாண்ட மட்டும் முடியாது. பதினெட்டு நிறைந்த மாணவிகள் எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று தாங்களே எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். மூன்று கூட்டம் நடந்தது. "பெத்தவங்க நம்பித்தானே விட்டுட்டுப் போறாங்க?" என்றார்கள். அதுவும் பொய்யில்லை. கடைசியில் 'தந்தை' என்று இருந்த கட்டம் 'தந்தை அல்லது தாய்' என்று மாறியது. மாணவியின் சொந்தக் கையெழுத்து பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். 'அல்லது தாய்' என்ற இரண்டு சொல்லை வாங்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. பாப்பாவுக்கு அனுமதி வர எடுத்த காலமும் ஏறக்குறைய அதுவே.

ஆகஸ்டில் அவள் அதைப் படமெடுத்து அனுப்பினாள். சாதாரணத் தாள். 2028வரை. எந்த முதலாளியின் பெயரும் இல்லை. அக்கா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இம்புட்டும்?" என்றாள். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "பத்திரமா வச்சுக்கிறச் சொல்லு. பாஸ்போர்ட்டையும்" என்றார். இரண்டு மாதம் கழித்து அக்கா தன் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து, இதைப் புதுப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டாள். அத்தானிடம் சொல்லிவிட்டாயா என்று நான் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி சீட்டோடு வந்தாள். தாய் என்ற கட்டத்தில் கோணல் எழுத்தில் ஒரு கையெழுத்து. தென்காசிப் பக்கம். 'அப்பாவுக்குத் தெரியுமா?' என்ற கேள்வி பழக்கத்தில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.